கார்டுல ரெண்டாவது வரி

அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இப்படி ஜன்னல் பக்கமா உக்காருங்க. பையக் கீழ வைக்காதீங்க, பூனை வந்து படுத்துக்கும். ம்... என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், உங்க பதினாலு பக்கம். ரெண்டு தடவ படிச்சேன் வக்கீலம்மா. கோவிச்சுக்கக் கூடாது, ஆரம்பமே தப்பு.

ஐயோ, டைப் அடிச்சதுல ஒண்ணும் குறையில்ல. ரொம்ப சுத்தமா இருக்கு. ஆரம்பிச்ச இடம் தப்புங்கிறேன். வெள்ளக்காரன் காலத்துப் போலீஸ் உளவுப் பிரிவு இந்தத் தீவுல என்னென்ன செஞ்சுதுன்னு, எந்தப் பக்கமும் சாயாம விசாரிக்கப் போறோம், அதுக்கு இது திட்டம்னு எழுதிருக்கீங்க. நல்லது. முப்பத்தெட்டு வருஷம் கழிச்சாவது ஒருத்தர் கேக்குறீங்களே. ஒரு ரிட்டயர்டு நீதிபதி, ஒரு பேராசிரியர், நீங்க. சரி, மூணு பேரு போதும். ஆனா யார யார விசாரிக்கணும்னு அஞ்சாம் பக்கத்துல பட்டியல் போட்டிருக்கீங்க பாருங்க. துரைமாருங்க எட்டுப் பேரு. அதுல அஞ்சு பேரு செத்தாச்சு, ஒருத்தருக்கு பெத்த புள்ளையே அடையாளம் தெரியலையாம். அப்புறம் நம்மூரு சார்ஜென்டுங்க. எல்லாத்துக்கும் கடைசில, பழைய குமாஸ்தாக்கள்னு ஒரே ஒரு வரி. பேரு கூட இல்ல. அந்த வரிதான் நான். அதத்தான் மொதல்ல வச்சிருக்கணும்.

பெருமைக்குச் சொல்லலம்மா. துரைக்கு என்ன தெரியும்? எந்தக் கார்டு எந்த டிராயர்ல இருக்குன்னு கூட தெரியாது. மணி அடிப்பாரு, நான் எடுத்துட்டுப் போவேன். மறுபடி மணி அடிப்பாரு, திருப்பிக் கொண்டாந்து வைப்பேன். லிமசோல்ல கடற்கரை ரோட்டுக்குப் பின்னாடி ஒரு மஞ்சக் கட்டடம் இருந்துது, இப்ப இடிச்சுட்டு ஹோட்டல் கட்டிட்டாங்க. அதுல ரெண்டாவது மாடி. அம்பத்தேழுல சேந்தேன், பத்தொம்போது வயசு. எங்கப்பா துறைமுகத்துல மூட்டை தூக்குறவரு. பொண்ணு இங்கிலீஷ் படிச்சுட்டா, துரைகிட்ட வேலைன்னு தெருவெல்லாம் சொன்னாரு. ஒரு வருஷம் கழிச்சு, வெள்ளக்காரப் போலீசுக்கு வேலை செய்றவளோட அப்பன்னு பேச்சு வாங்கி, அதே தெருவுல தலையக் குனிஞ்சுகிட்டுப் போனாரு.

இருங்க, காப்பி பொங்குது.

இந்தாங்க. விரத காலம், பால் பலகாரமெல்லாம் ஒண்ணுமில்ல. இது பச்சை வால்நட்டு, பாகுல போட்டது, நானே செஞ்சேன். சாப்பிடுங்க. கையில வச்சுகிட்டே இருக்காதீங்க, பாகு சொட்டும்.

கார்டுக்கு வருவோம். எழுதிக்கோங்க, இது உங்க திட்டத்துல வேணும். ஒரு கார்டுக்கு மூணு வரி. மொத வரி ஆளு பேரு. ரெண்டாவது வரி அப்பா பேரு. மூணாவது வரி ஊரு. கீழ மூலைல செவப்பு மையில ஒரு நம்பர் இருந்துதுன்னா, அவன் போலீசுக்குத் தகவல் சொல்றவன்னு அர்த்தம். அந்த நம்பர் போட்டுத்தான் அவனோட தாளெல்லாம் வரும். தாள்ல பேரு இருக்காது, நம்பர் மட்டும்தான். நம்பருக்கு ஆளு யாருன்னு தெரியணும்னா கார்டப் பாக்கணும். கார்டு இருக்குற டிராயருக்கு ரெண்டு சாவி. ஒண்ணு துரைகிட்ட, ஒண்ணு என்கிட்ட.

அந்த ரெண்டாவது வரி இல்லேன்னா கார்டு குப்பை. உங்களுக்குச் சொல்லணுமா, மூத்த பையன் பொறந்தா தாத்தா பேரத்தான வைக்கிறோம். ஒரு தாத்தாவுக்கு நாலு மகன் இருந்தா ஒரே தெருவுல ஒரே பேர்ல நாலு பேரன். எங்க துரை வந்த புதுசுல கார்டயெல்லாம் மேசைல கொட்டிட்டு, இந்தத் தீவுல மொத்தமே பன்னெண்டு ஆளுதான் இருக்கான், மத்தவனெல்லாம் அவனோட நகல்னு கத்துனாரு. எங்களுக்கெல்லாம் சிரிப்பு. அப்புறம் நாந்தான் சொன்னேன், அப்பா பேர எழுதுங்க துரை, அப்பத்தான் ஆளப் பிடிக்க முடியும்னு. ஆமா, அந்த ரெண்டாவது வரி நான் சொல்லி வந்ததுதான். அத நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்ப ஒம்பதாம் பக்கம் எடுங்க. பேனாவால குறுக்க அடிச்சிருக்கே, யாரு அடிச்சது? பேராசிரியரா? நெனச்சேன். ஆபீசுக்குள்ள கார்டுல இருந்த பேருங்க வெளிய போனது எப்படின்னு நீங்க எழுதியிருக்கீங்க, அத அவரு அடிச்சிட்டாரு. வெள்ளக்காரன எதுத்த பழைய போராளிகள் சங்கம் சண்டைக்கு வரும்னு பயமா? வரட்டுமே. ரெண்டு பேரு பேப்பர்ல திட்டி எழுதுவான், ஒருத்தன் வீட்டு வாசல்ல வந்து கத்துவான். அதுக்குப் பயந்தா இந்த வேலைக்கு எதுக்கு வரணும்? வெள்ளக்காரன் செஞ்ச அக்கிரமத்த மட்டும் எழுதுறதுக்கு நீதிபதி எதுக்கு? அது பள்ளிக்கூடப் புத்தகத்துலயே இருக்கு. அடிச்சத எடுத்துட்டு மறுபடி எழுதுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க.

சுவத்துல பாக்குறீங்களா? அது ஒண்ணுமில்ல, வெறும் கண்ணாடிச் சட்டம் போட்ட காகிதம். என் வீட்டுக்காரர் மாட்டுனது, அவரு போயி ஆறு வருஷம் ஆச்சு. அப்புறம் பாக்கலாம், உக்காருங்க.

நான் ஒண்ணு சொல்லவா? நீங்க யாருன்னு எனக்குத் தெரியும். போன்ல லொயீசான்னு பேரு சொன்னீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுது. அப்பன் செத்தப்புறம் பொறந்த பொண்ணுக்குத்தான் அப்பன் பேர அப்படித் திருப்பி வைப்பாங்க. லொயீசோசோட பொண்ணு லொயீசா. தெராச்சோ ஊரு. ஹம்பிசோட மகன், நீல லாரி ஓட்டுன லொயீசோஸ்.

தண்ணி குடிங்க. பயப்படாதீங்க, நீதிபதிகிட்ட எல்லாம் சொல்ல மாட்டேன். சொந்த அப்பா விஷயத்த வச்சுகிட்டு எந்தப் பக்கமும் சாயாத விசாரணைன்னு எப்படி வந்தாள்னு கேப்பாங்கதான். நான் கேக்கல. வேற யாரு வருவா? அவங்கவங்க வீட்ல சாவு விழாம எவனும் பழைய காகிதத்தத் தோண்ட வர மாட்டான்.

எனக்குத் தெரிஞ்சத நான் சொல்றேன், தப்பா இருந்தா திருத்துங்க. அம்பத்தெட்டு, நவம்பர், ஞாயித்துக்கெழம. பூசை முடிஞ்சு எல்லாரும் வெளிய வர்றாங்க. எதுத்தாப்புல காப்பிக் கடை. உங்கப்பா உள்ள போக வாசப்படில கால் வச்சாரு. முகத்த மூடுன ரெண்டு பேரு. மூணு குண்டு. நெஞ்சு மேல ஒரு அட்டைய வச்சுட்டுப் போனாங்க, துரோகின்னு எழுதி. சரிதான? காப்பிக் கடைக்காரன் ஓடி வந்து மடில எடுத்து வச்சுகிட்டு அழுதான். அவனும் லொயீசோஸ்தான். உங்கப்பாவோட சித்தப்பா மகன், தூமாசோசோட பையன். ஒரே தாத்தா, ஒரே பேரு. பெட்டி தூக்க ஊர்ல ஒருத்தனும் வரல, அவன் மட்டும் முன்னாடி நின்னு தூக்குனான். ஆமா, உங்கம்மா அவனப் பத்தி நல்லாத்தான் சொல்லுவாங்க. ஆறு மாசத்துல குடும்பத்தோட லண்டன் போயிட்டான், இல்ல?

சாவு மணி அடிக்க மாட்டேன்னுட்டாராமே பாதிரியாரு. வேணாம்மா, அழாதீங்க. சரி, அழுங்க. நான் ஒண்ணும் சொல்லல.

நாப்பதாம் நாள் உங்கம்மா கோதுமை அவிச்சு, மாதுளை, பாதாமெல்லாம் போட்டு, தட்டு நெறைய கோயிலுக்குக் கொண்டு போனாங்க. கோயில் வாசல்ல நின்னாங்க. ஒரு கை எடுத்து வாயில போட்டுகிட்டு, கடவுள் அவர மன்னிக்கட்டும்னு சொல்லிட்டுப் போனா என்ன? யாரும் நிக்கல. அத்தன பேரும் தட்டச் சுத்திகிட்டுப் போனாங்க.

என்ன சொன்னீங்க? ஒருத்தி எடுத்தாளா?

மருந்துக்கடைப் பொண்ணு. அப்படியா சொன்னாங்க உங்கம்மா.

ஒவ்வொரு ஈஸ்டருக்குமா? அவளுக்காகத் தனியா ஒரு மெழுகுவத்தியா? பேரு கூட தெரியாம... ம். உங்கம்மா இன்னும் இருக்காங்களா? தெராச்சோலயேவா? அதே வீட்லயேவா.

இந்தப் பூனை பாருங்க, சொல்லச் சொல்ல உங்க பை மேலயே ஏறி உக்காந்துடுச்சு. ஏய், எறங்கு. இருங்க, நான் அந்த ஜன்னலக் கொஞ்சம் சாத்திட்டு வர்றேன்.

சரி. உங்க திட்டத்துக்கு வருவோம். ஒம்பதாம் பக்கம். உள்ள இருந்த பேரு வெளிய போனது எப்படின்னா, உள்ள ஒருத்தி இருந்தா. ஆமா, பொண்ணுதான். அவளும் சும்மா இல்ல, உசுரப் பணயம் வச்சுத்தான் செஞ்சா, அதையும் எழுதணும். கீழ எள்ளு ரொட்டி விக்க ஒரு அம்மா வருவாங்க, அன்னெத்தான்னு. பத்து மணிக்கு மாடிக்கு வந்து ஆபீஸ்ல எல்லாருக்கும் ரொட்டி தருவாங்க. அவங்க வெள்ளக்காரன விரட்டப் போராடுன இயக்கத்து ஆளு. ரொட்டி வாங்குறப்போ சிகரெட் தாள்ல பேரு எழுதி அவங்க கூடைல போட்டுடணும். மாட்டுனா என்ன ஆகும்னு கீழ் அறையிலேர்ந்து வர்ற அலறல் சத்தம் தினமும் சொல்லும். அந்தச் சத்தத்தக் கேட்டுகிட்டு உக்காந்து கார்டு அடுக்க முடியலைன்னுதான் அவ இதுக்கே ஒத்துகிட்டா. நம்ம பசங்கள எவன் காட்டிக் கொடுக்குறான்னு தெரிஞ்சும் சும்மா இருக்கறதா?

அக்டோபர் கடைசில முப்பத்தொண்ணாம் நம்பர் தாள் வந்துது. மலைல ஒளிஞ்சிருந்த ரெண்டு பேரு இடம் அதுல இருந்துது. மூணாம் நாள் ரெண்டு பேரையும் பொணமா இழுத்துட்டு வந்தாங்க. ஒருத்தனுக்கு மீசை கூட சரியா மொளைக்கல. அன்னிக்கு துரை வெளிய போன நேரம் அவ டிராயரத் தெறந்தா. முப்பத்தொண்ணு யாருன்னு பாத்தா. மொத வரி, லொயீசோஸ். மூணாவது வரி, தெராச்சோ. மாடிப்படில பூட்ஸ் சத்தம். மூடிட்டா. மறுநாள் அந்தப் பேரும் ஊரும் ரொட்டிக் கூடைக்குப் போச்சு.

ஆமா. ரெண்டாவது வரிய அவ பாக்கல.

அவளேதான் துரைகிட்ட சொல்லி எழுத வச்ச வரி.

சரி, அதோட போயிருந்தா அது அவசரத்துல செஞ்ச தப்பு. பயத்துல யாரும் செய்யறதுதான்னு நீங்க எழுதலாம், நீதிபதியும் தலைய ஆட்டுவாரு. ஆனா அதோட போகல. நாலு நாள் கழிச்சு அன்னெத்தா ரொட்டிக் கூடையோட வந்து குனிஞ்சு கேட்டாங்க. பொண்ணே, தெராச்சோல ரெண்டு லொயீசோஸ் இருக்காங்களாம், ஒருத்தன் காப்பிக் கடை, ஒருத்தன் லாரி, நீ சொன்னது எவன்னு. பசங்க கேட்டனுப்பிச்சிருக்காங்க. அவனுங்க ஒழுங்காத்தான் கேட்டானுங்க, அதையும் எழுதுங்க. கேக்காம சுடல.

டிராயர் ஆறு அடி தூரத்துல இருந்துது. சாவி இடுப்புல இருந்துது. நாளைக்குச் சொல்றேன்னு சொல்லிருக்கலாம். ஆனா துரைக்கு அந்த வாரம் ஏதோ சந்தேகம், டிராயர ரெண்டு தடவ தெறந்து பாத்தாரு. மறுபடி அதத் தொட பயம். பயம் மட்டும் இல்ல, பாக்காமத்தான் பேரு கொடுத்தேன்னு அன்னெத்தாகிட்ட சொல்ல வெக்கம். பெரிய கெட்டிக்காரின்னு இயக்கத்துல பேரு வாங்கி வச்சிருந்தேனே.

ஆமாம்மா. வாங்கி வச்சிருந்தேன்னுதான் சொன்னேன். உக்காருங்க. உக்காந்து முழுசாக் கேளுங்க, அப்புறம் போகணும்னா போங்க, நான் தடுக்கல.

என் மேசைக்குப் பக்கத்துல ஒரு ஜன்னல். கீழ ரோடு தெரியும். ஒவ்வொரு வியாழக்கெழமையும் நம்ம ஆபீசுக்கு எதுத்தாப்புல, யூகலிப்டஸ் மரத்தடில ஒரு நீல லாரி நிக்கும். கதவுல தெராச்சோன்னு எழுதிருக்கும். ஒரு மணி நேரம் நிக்கும், போயிடும். தெராச்சோலேர்ந்து ஒருத்தன் வாராவாரம் போலீஸ் ஆபீஸ் வாசல்ல வந்து ஏன் நிக்கணும்? வேற எதுக்கு நிப்பான்? இருபது வயசுல எல்லாம் புரிஞ்ச மாதிரி இருக்கும். அன்னெத்தாகிட்ட நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன். லாரிக்காரன்.

ரொட்டிய வாங்கிகிட்டேன். சூடா இருந்துது. தின்னேன்.

அந்த ஞாயித்துக்கெழம உங்கப்பா போயிட்டாரு. துரோகி ஒழிஞ்சான்னு ஊரெல்லாம் பேச்சு. அடுத்த செவ்வாய்க்கெழம, எப்பவும் போல தாளெல்லாம் வந்துது, அடுக்க உக்காந்தேன். நாலாவது தாள் முப்பத்தொண்ணாம் நம்பர். தேதி திங்கக்கெழம. தெராச்சோலேர்ந்து. லாரிக்காரன் சாவுக்கு ஊர்ல யார் யார் அழுதாங்க, யார் அழலைன்னு எழுதியிருந்துது.

எழுந்தேன். ஆறு அடி நடந்தேன். டிராயரத் தெறந்தேன். துரை பக்கத்து அறையிலதான் இருந்தாரு, பயமே வரல. ரெண்டாவது வரி, தூமாசோஸ். காப்பிக் கடைக்காரன். பெட்டிய முன்னாடி நின்னு தூக்குனவன்.

அன்னெத்தாகிட்ட சொன்னேன். சொல்லாம இல்ல. அவங்க என் கையப் பிடிச்சுகிட்டு, வாய மூடு பொண்ணே, இயக்கம் தப்பு செய்யாது, செஞ்சதா வெளிய வந்தா நாளைக்கு எவன் நம்மள நம்புவான்னாங்க. நான் வாய மூடிகிட்டேன். அது ரொம்ப சுலபமா இருந்துது, அதத்தான் என்னால இன்னிக்கும் தாங்க முடியல. சுதந்திரம் வந்துது. இயக்கத்துக்கு வேலை செஞ்சதுக்குப் பதக்கம் வந்துது, சுவத்துல இருக்கே, அது அதுக்கான காகிதம். எங்கப்பா மறுபடி தலைய நிமித்திகிட்டு நடந்தாரு. மகராசன் அப்படியே செத்தாரு.

உங்க திட்டத்துல மூணாம் பக்கத்துல, வெள்ளக்காரன் போறப்ப கார்டு எல்லாத்தையும் எரிச்சிட்டான், அதனால எழுத்து ஆதாரம் கிடைக்காதுன்னு எழுதிருக்கீங்க. அதுவும் தப்பு. மூணு நாள் எரிச்சாங்க, பின் முத்தத்துல, தகர டிரம்முல. டிராயர் டிராயரா கொண்டு போய்க் கொட்டுனது யாருங்கிறீங்க? நாந்தான். ஒரு கார்டு கொட்டல. அந்தச் சட்டத்த எறக்குங்க. எனக்குக் கை ஒசத்த முடியாது, தோள்பட்டை வலி. மெதுவா. திருப்புங்க. பின்னாடி அட்டைல ரெண்டு ஆணி இருக்கும், வெரலாலயே தள்ளலாம். என் வீட்டுக்காரருக்குத் தெரியாது, அவரு மாட்டுனப்புறம் ஒரு நாள் நான்தான் உள்ள வச்சேன். பதக்கத்துக்கான காகிதம் முன்னாடி, இது பின்னாடி. தினமும் ரெண்டையும் சேத்துத்தான் பாத்துகிட்டிருந்தேன்.

படிங்க. மூணு வரியும் படிங்க. செவப்பு மை நல்லாத்தான் இருக்கு.

அதுதாம்மா உங்கப்பா துரோகி இல்லைங்கிறதுக்கு ஆதாரம். உங்க நீதிபதிக்கு அது போதும். ஆனா கார்டு மட்டும் போனா, இது எங்கேர்ந்து வந்துது, போலியான்னு கேப்பாங்க. அதனால அஞ்சாம் பக்கத்துல அந்தக் கடைசி வரிய அடிச்சுட்டு, முதல் சாட்சின்னு என் பேரப் போடுங்க. தெக்லா. அப்பா பேரு யாகோவோஸ். அப்பா பேர விட்டுடாதீங்க.

எங்க கெளம்பிட்டீங்க? ஏன் இவ்ளோ நாள் சொல்லலைன்னா கேக்குறீங்க? நல்ல பதில் ஒண்ணு வச்சிருந்தா நீங்க வர வரைக்கும் காத்திருப்பேனா. நானே பஸ் ஏறி வந்திருப்பேன். ஒரு தடவ ஏறி வந்தேன். அந்த நாப்பதாம் நாள். சொல்லிடணும்னுதான் வந்தேன். உங்கம்மா தட்டோட நின்னாங்க, நிறை வயிறு. எல்லாரும் போனப்புறம் நான் போயி ஒரு கை எடுத்தேன். அவங்க என் மொகத்தப் பாத்து, நீங்க அந்த மருந்துக்கடைப் பொண்ணான்னு கேட்டாங்க. ரெண்டு புள்ள வயித்துலயே போச்சு, இதாவது தங்கணும்னு அவரு வாராவாரம் வியாழக்கெழம லிமசோல் வந்து எனக்கு ஊசி மருந்து வாங்கிட்டு வருவாரு, அங்க ஒரு பொண்ணு நல்லா பேசும்னு சொல்லுவாருன்னாங்க.

மருந்துக்கடை எங்க ஆபீசுக்கு நேர் எதுத்தாப்புல. யூகலிப்டஸ் மரத்துக்குப் பின்னாடி. என் ஜன்னல்லேர்ந்து லாரி தெரியும், கடை தெரியாது.

நான் தலைய ஆட்டுனேன். ஆமா, நான்தான்னு. கோதுமைய வாயில போடல, கைக்குள்ளயே மூடி வச்சுகிட்டு பஸ்ஸேறி வந்துட்டேன்.

கார்ட உங்க பைல வைங்க, பூனை நகம் படாம. ஈஸ்டருக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. அறிக்கை வர ரெண்டு வருஷம் ஆகும்னு நீங்களே எழுதிருக்கீங்க, உங்கம்மாகிட்ட அதுவரைக்கும் காக்க வேணாம், இன்னிக்கே போயி சொல்லிடுங்க. இந்த வருஷம் அந்தப் பொண்ணுக்கு மெழுகுவத்தி ஏத்த வேணாம்னு சொல்லுங்க. இதுவரைக்கும் ஏத்துனதெல்லாம் உங்கப்பாவுக்கு ஏத்துனதா வச்சுக்கட்டும்.